பாயின் மேல் பழி

அடுப்பு ஆற வேண்டும், உள்ளே வெளியே எங்கே தொட்டாலும் கை சுடக்கூடாது, அதுவரை ஒரு திருகாணியைக்கூடத் தொடக்கூடாது என்று பிரமநாயகம் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஆவுடையம்மாளும் போய்ப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். அடுப்பு ஆறியதோ இல்லையோ, வீடு ஆறிவிட்டது. சுவரோரத்து மின்சாரக் கணப்பு பெயருக்கு ஓடிக்கொண்டிருந்தது. அது அறையைச் சூடாக்குகிறதா, அறை அதைக் குளிராக்குகிறதா என்று சொல்ல முடியவில்லை. ஜன்னலில் பாதிவரை பனி. மெய்ன் மாநிலத்தில் பிப்ரவரி என்றால் இப்படித்தான், முப்பது வருஷமாக இப்படித்தான், ஆனாலும் ஒவ்வொரு பிப்ரவரியும் தன்னை ஏமாற்றிவிட்டதாகவே அவளுக்குத் தோன்றும். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் மகன் காலேஜில் போட்ட கோட்டு, காலில் இரண்டு ஜோடி சாக்ஸ், இத்தனையோடு ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு அதன்மேல் மண்டியிட்டிருந்தாள். அறுபத்தேழு வயதில், வீட்டைச் சூடாக்குகிற ஒரு இரும்பு விறகடுப்புக்கு முன்னால் மண்டியிட வேண்டும் என்று தலையில் எழுதியிருக்கிறது. இதற்கென்று பக்கத்து ஊரில் ஒருவன் இருக்கிறான். கூப்பிட்டால் மார்ச் கடைசியில் வருகிறேன் என்கிறான். மார்ச் கடைசியில் வந்து என்னத்தைப் பிடுங்க. பின்னால் நாற்காலியில், போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, அவர். ஆபரேஷனில் முட்டி மாற்றி வைத்தவர், தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். அதனால் வாய் அவருடையது, கை இவளுடையது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தானே, இன்றைக்கென்ன புதிதாக என்று நினைத்துக்கொண்டு ஸ்பானரை எடுத்தாள், அது ஐஸ்கட்டியாக இருந்தது, எரிச்சலாக வந்தது.

மாற்ற வேண்டிய சாமானுக்குக் கம்பஸ்டர் என்று பெயர். செங்கல் அளவில், தேன்கூடு மாதிரி பொடிக் கண்ணாக, ஓரத்தில் தகடு சுற்றி, அடுப்பின் தலைக்குள்ளே உட்கார்ந்திருக்கும். விறகிலிருந்து கிளம்புகிற புகை அதற்குள்ளே நுழைந்தால் அந்தப் புகையே எரிந்து சூடாகிவிடும். புகையைக்கூட விடமாட்டான் வெள்ளைக்காரன் என்று அவள் முதன்முதலில் கேட்டபோது சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. காகித ஆலையில் கொதிகலனோடு காலம் தள்ளியவர், தீ விஷயத்தில் அவருக்குச் சிரிப்பே கிடையாது. நல்ல காய்ந்த விறகு மட்டும்தான் உள்ளே போக வேண்டும், சாயம், பெயின்ட், பிளாஸ்டிக், பளபளவென்று கடை விளம்பரம் அடித்து வருகிற காகிதம் எதுவும் போகக்கூடாது, போனால் கம்பஸ்டருக்கு அது விஷம், கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துவிடும் என்று அன்றைக்குப் பாடம் எடுத்தார். இப்போது செத்துவிட்டது. பத்து நாளாக எவ்வளவு விறகு போட்டாலும் மேலே இருக்கிற டயலில் முள் ஏறுவதில்லை, புகைபோக்கியில் கறுப்பாகப் புகை, கண்ணாடிக் கதவில் தார். யார் கொன்றது? ஆவுடைதான். போகி அன்றைக்கு அவள் போட்ட பாய்தான். கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. தபால் கொண்டு வருகிற பெண்ணிடம்கூட இங்கிலீஷில் சொல்லிவிட்டார், என் மனைவி ஒரு பாயை எரித்துவிட்டாள் என்று. அந்தப் பெண் இவளைப் பார்த்த பார்வை.

பாய் என்ன பாய், கோரைப்பாய். ஓரம் நைந்து, நடுவில் பிய்ந்து, ஒருத்தர் படுக்க லாயக்கில்லாமல் கிடந்த பாய். போகிக்குப் பழசை எரிக்க வேண்டும், வாசலில் எரிக்கலாம் என்றால் வாசல் எங்கே இருக்கிறது என்று பனியைத் தோண்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர் எழுந்திருக்குமுன் அடுப்புக் கதவைத் திறந்து, தேய்ந்த விளக்குமாற்றை முதலில், கைப்பிடி உடைந்த மர அகப்பையை அடுத்து, பாயைச் சுருட்டி ஒடித்து ஒடித்துக் கடைசியாக வைத்தாள். நன்றாகத்தான் எரிந்தது, கோரை எரிகிற வாசனை வீட்டில் கொஞ்சநேரம் இருந்தது. அவர் மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, பாயின் வால் உள்ளே போவதைப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தம் இருக்கிறதே, நல்ல நாளும் அதுவுமாய். அதில் சிவப்பும் பச்சையுமாய் கரை இருக்கு, அது சாயம், சாயம் என்று. கரை இருந்ததா? இருந்தது. இல்லை, அது வெளுத்துப்போய்விட்டது, கரை இருந்தது கல்யாணப் பாயில், அது அக்காள் வீட்டில் அல்லவா இருக்கிறது. இந்தப் பாயில் ஓரத்தில் ஒரு கோடு ஓடினது ஞாபகம். பச்சை. பச்சை என்றால் எத்தனை பச்சை, ஒரு விரல் அகலம், அதில் எவ்வளவு சாயம் இருந்துவிடும், ஒரு நகப்பூச்சு அளவுகூட இருக்காது. அதற்கு ஒரு கம்பஸ்டர் சாகுமா? சாகாது. அவள் மனசில் வழக்கு நடந்துகொண்டே இருந்தது, வக்கீலும் அவளே, குற்றவாளியும் அவளே, நீதிபதி மட்டும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மூடியை நேராகத் தூக்கு, சாய்த்தால் சாம்பல் கொட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தூக்கத்தானே செய்கிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே தூக்கினாள். சாய்ந்துவிட்டது. சாம்பல் கொட்டியது. பாய் போட்ட கைதானே என்றார் அவர்.

எத்தனை திருகாணி, எதை முதலில் கழற்றவேண்டும், எது துருப்பிடித்து முரண்டு பண்ணும், அதற்கு எந்தப் பக்கம் தட்டவேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். புத்தகத்தைப் பார்க்கவில்லை, புத்தகம் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. இடது மூலைத் திருகாணிக்கு எண்ணெய் விட்டுக் கொஞ்சம் பொறு என்றார், விட்டாள், பொறுத்தாள், கழன்று வந்தது. புகைத்தடுப்புத் தகட்டை முன்னால் இழுத்துப் பிறகு தூக்கு என்றார், வந்தது. இதையெல்லாம் சொல்கிற இவரைப் போய் மறதிக்காரர் என்கிறானே மகன் குமரேசன், மூன்று மணிநேரத் தொலைவில் உட்கார்ந்துகொண்டு இவனுக்கு என்ன தெரியும், டாக்டர் கேட்டபோது இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாவிட்டால் என்ன, இவளுக்கே பாதி நாள் கிழமை தெரியாது. அவளுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே, அதன் கீழேயே, நேற்று போனில் அவன் சொன்னது உட்கார்ந்திருந்தது. அம்மா, ஒரு பாய் எரிஞ்சா கம்பஸ்டர் போகாதும்மா, நான் படிச்சுப் பார்த்தேன், தினமும் எதையாவது போட்டாத்தான் போகும், அப்பா காலையில தீ மூட்டுறப்போ நீ பக்கத்துல இருக்கியா? எனக்குத் தெரியாதா அவரை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அது பதிலா? கேட்டது பக்கத்தில் இருக்கிறாயா என்று. பக்கத்தில் இல்லை. மேலே கம்பளிக்குள் இருக்கிறாள், தினமும். அவர்தான் முதலில் எழுந்து, இறங்கி வந்து, முக்காலியில் உட்கார்ந்து தீ மூட்டுவார், அறை சூடேறின பிறகு இவள் வருவாள், இத்தனை வருஷத்தில் அவளுக்கு அவர் பண்ணிய உபகாரம் அது ஒன்றுதான் என்று அவளே கேலி பண்ணுவாள்.

பழைய கம்பஸ்டர் பாதி வந்து மாட்டிக்கொண்டது. சுற்றியிருந்த பட்டை பொடிப்பொடியாக உதிர்ந்து புடவையெல்லாம் சாம்பல். ஆட்டு, ஆட்டி ஆட்டி இழு என்றார். ஆட்டினாள், ஆட்ட ஆட்ட அந்த எண்ணமும் ஆடியது. ஒரு பாயால் போகாது. நான்தான் அப்போதே சொன்னேனே, ஒரு பாயால் போகாது என்று. அப்படியானால் குமரேசன் சொல்வது சரி. ஜெயித்துவிட்டாள், மகனே அவள் பக்கம் சாட்சி சொல்லிவிட்டான், பாய் நிரபராதி, அவள் நிரபராதி. அப்படியானால் யார்? அவள் கை நின்றது. இந்த வீட்டில் இருக்கிறவர்கள் இரண்டே பேர். அவள் இல்லை என்றால்? இத்தனை நாள் இந்த வழக்கில் ஜெயிக்க வேண்டும் ஜெயிக்க வேண்டும் என்று முட்டி மோதிக்கொண்டிருந்த முட்டாள் தான்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாய்தான் கொன்றது என்றால் கிழவி ஒருத்தி அறியாமல் செய்துவிட்டாள், அதோடு போயிற்று. பாய் இல்லை என்றால் போகவேண்டியது அவர், முதியோர் இல்லத்துக்கு. போன நவம்பரில், முப்பது வருஷம் கார் ஓட்டிய சாலையில் வழி தெரியாமல் நின்று போலீஸ்காரன் கொண்டுவந்து விட்டபோதே குமரேசன் வந்து கார்ச்சாவியை எடுத்துக்கொண்டு போனான். அன்றைக்குச் சொன்னான், அடுத்தாப்பல தீ சம்பந்தமா ஏதாவது ஆச்சுன்னா நான் யோசிக்கமாட்டேம்மா என்று. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம், அழுதுகொண்டே சொன்னான், அதுதான் பயமாக இருந்தது. கம்பஸ்டர் திடீரென்று முழுதாக வெளியே வந்து அவள் மடியில் விழுந்தது. அதன் கண்ணெல்லாம் வெள்ளையாகப் பூத்து, ஒரு மூலை தொட்டவுடன் உதிர்ந்தது. பார்த்தியா என்றார் அவர் பின்னாலிருந்து. பார்த்தேன் என்றாள்.

அந்த இல்லத்தின் படங்களை அவன் அனுப்பியிருந்தான். ஒரு மீன்தொட்டி, ஒரு பியானோ, ஜன்னலோரத்தில் வரிசையாக நாற்காலிகள். வட்டமாக ஒரு வராந்தா, அதில் எங்கே நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாமாம், யாரும் தொலையமாட்டார்களாம். செக்குமாடுகூட அப்படித்தான் தொலையாது. இவர் அங்கே போய் என்ன செய்வார், ரசத்தில் உப்புக் குறைந்தால் யாரைச் சொல்வார், அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம் போய் ஏட்டி ஆவுடை என்பாரா. இங்கே அவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார், அவள் செய்துகொண்டே இருக்கிறாள், அவளுக்கு எரிச்சல் வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே, எரிச்சல்பட ஒரு ஆள் வேண்டுமே. இவராவது கண்டதைப் போடுவதாவது, சீச்சீ. தீயை இவர் மாதிரி பார்த்தவர் யார். அன்றொரு நாள் சாப்பிட வந்த சினேகிதர், ஏதோ பேச்சுவாக்கில் கடலைக்கவரைக் கசக்கி அடுப்புக்குள் வீசிவிட்டார் என்று இடுக்கியை எடுத்து அதைத் தீயிலிருந்து வெளியே இழுத்துப் போட்டு, அந்த மனுஷனை நிற்கவைத்துப் பாடம் நடத்தினார், அந்தச் சினேகிதர் அதற்குப் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புவார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர். அப்படிப்பட்டவர் என்று மனசுக்குள் திரும்பச் சொல்லிக்கொண்டு, துணியால் உள்ளே இருந்த சாம்பலை வழித்தாள், மூக்கு அரித்தது, தும்மல் வரவில்லை, வந்தாலாவது நன்றாக இருக்கும்.

புதியது பெட்டிக்குள் பஞ்சு மெத்தையில் கைக்குழந்தை மாதிரி கிடந்தது. சுற்றிலும் சாம்பல் நிறப் பட்டை, அதன்மேல் காகித ஒட்டுநாடா. நாடாவைப் பிய்க்காதே, அது தானாக எரிந்துபோகும், பட்டை சூட்டில் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும் என்றார். ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் இடித்தது, மறுபக்கம் நுழைந்தால் இந்தப் பக்கம். உள்ளங்கையால் தள்ளு, விரலால் குத்தாதே, கண்ணு உடைஞ்சிரும் என்றார். நீங்களே வந்து தள்ளுங்கள் என்று வாயில் வந்ததை விழுங்கினாள். முட்டி மரத்துவிட்டது, முதுகு விட்டுப்போயிற்று, விரல் நுனியில் உணர்ச்சியே இல்லை. தள்ளினாள். கொஞ்சம் போய் நின்றது. மறுபடி தள்ளியபோது சத்தமில்லாமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது, அத்தனை நேரம் வேண்டுமென்றே வம்பு பண்ணியது போல. தகடு, திருகாணி, மூடி. எல்லாம் ஆனதும், சபாஷ் என்றார். வாழ்க்கையில் சாம்பாருக்குச் சொல்லாத சபாஷ்.

முதல் தீயை நான்தான் மூட்டுவேன் என்று போர்வையை உதறிவிட்டு எழுந்தார். அவள் முக்காலியைத் தள்ளிப் போட்டாள். உட்கார்ந்தார். கம்பியை இழுத்து, புகை நேராக மேலே போகிற புகைவழியைத் திறந்தார், முள் ஏறும்வரை கம்பஸ்டருக்குள் புகை போகக்கூடாது, ஏறினபிறகுதான் மூட வேண்டும் என்று விளக்கினார். இரண்டு கட்டை அடியில், சிராய்கள் குறுக்கும் நெடுக்கும், காற்றுக்கு இடம் விட்டு, அவருக்கே உரிய அழகோடு அடுக்கினார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இதுதான் அவர், இதைத்தான் குமரேசன் பார்க்கவேண்டும், வீடியோவில் காட்டவேண்டும். இனிமே இதை ஒழுங்கா வச்சுக்கணும் ஆவுடை, வெறும் விறகு, வேற ஒண்ணும் ஆகாது, பாய் ஆகாது, சாயம் ஆகாது, பளபளன்னு வார காகிதம் ஆகவே ஆகாது என்று சொல்லிக்கொண்டே இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினார், தலை திரும்பவில்லை, கண் அடுப்பில்தான், கை தானாகப் போய் நாற்காலிக்கு அடியில் கிடந்த கடை விளம்பரக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவியது. ஆரஞ்சுப் பழமும் கோழியும் பளபளத்த தாள். அதை நீளவாக்கில் மடித்து, முறுக்கி, நுனியை ஒரு திருகு திருகி, சிராய்க்கு அடியில் செருகினார். இன்னொன்று உருவினார். முறுக்கினார். அந்த விரல்களுக்கு இருந்த பழக்கம், அந்தத் தடுமாற்றமில்லாத வேகம், தினமும் காலையில் செய்கிற கை அது. சாயம் என்கிறது ஈயம் மாதிரி, உள்ள போனா படிஞ்சிரும் என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் குனிந்தாள், அத்தனை நேரம் குனியமுடியாமல் இருந்த முதுகு எப்படிக் குனிந்ததோ, அவர் கையிலிருந்த முறுக்கை வாங்கினாள், உள்ளே இருந்ததையும் உருவினாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். அந்த முகத்தில் ஏதோ ஒன்று தேடிக்கொண்டு வந்து, பாதி வழியில் நின்றுவிட்டது. "என்னது?" என்றார், மெதுவாக. அவள் இதுவரை அந்தக் குரலைக் கேட்டதில்லை. வாயில் ஆயிரம் இருந்தது, பாய் பாய் என்று ஊரெல்லாம் சொன்னீர்களே, தபால்காரியிடம் சொன்னீர்களே, எத்தனை நாள் என் தலையை உருட்டினீர்கள். "ஒண்ணுமில்ல. ஈரமா இருந்துச்சு" என்றாள். கூடையிலிருந்து, தாள் மாதிரி உரிகிற பூர்ச்ச மரப்பட்டையை எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார், அதுதான் சரி, பட்டைதான் சரி என்று தலையாட்டிக்கொண்டே செருகிப் பற்றவைத்தார். பட்டை சுருண்டு எரிந்தது, சிராய் பிடித்தது, கட்டை பிடித்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம், அவர்மேல், அந்தக் காகிதம் அடித்து அனுப்புகிற கடைக்காரன்மேல், இது தெரியாமல் கம்பளிக்குள் சொகுசாகப் படுத்திருந்த தன்மேல்.

முள் ஏறியது. பத்து நாளாக அசையாத முள், நிதானமாக ஏறிக்கொண்டே போனது. அவர் கம்பியைத் தள்ளிப் புகைவழியை மூடினார், உள்ளே கம்பஸ்டர் செக்கச்செவேலென்று கனன்றது, பார் பார் என்று சின்னப்பிள்ளை மாதிரி காட்டினார். அறை இளகியது. அப்போதுதான் குமரேசன் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போடுட்டி என்றார், போட்டாள். மாட்டியாச்சா, முள் ஏறுதா, அப்பா எப்படி இருக்கார் என்று வரிசையாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொன்னார், பெருமையாக. பிறகு அவள் எதிர்பார்த்ததையே கேட்டான்.

"அம்மா, நீ சொல்லு. அப்பா எதாவது போட்டாரா?"

அவள் கையில் இன்னும் அந்த முறுக்கின தாள்கள் இருந்தன. அடுப்புக்குள் விறகு நகர்ந்து விழுகிற சத்தம் கேட்டது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், தீர்ப்புக்குக் காத்திருக்கிற வாதி மாதிரி, தன் பக்கம்தான் என்ற நிச்சயத்தோடு.

"அவரு எங்க போட்டாரு? நாந்தான் போட்டேன்" என்றாள். "போகிக்கு மட்டுமில்ல. அது ரெட்டைப் பாயி, ஓரமெல்லாம் பிளாஸ்டிக்கு. மிச்சத்தைத் துண்டு துண்டா நறுக்கி வச்சிக்கிட்டு, பத்து பதினஞ்சு நாளா நாந்தான் போட்டுக்கிட்டு இருந்தேன். உங்கப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஏசுவாருன்னு சொல்லல."

என்னம்மா நீ, என்றான் குமரேசன், மூச்சை விட்டுக்கொண்டு. அந்த மூச்சில் இருந்த நிம்மதி அவளுக்குக் கேட்டது. சரி, இனிமே போடாதே, அப்பா சொல்றதைக் கேளு என்றான்.

"நான் அப்பவே சொன்னம்லா" என்றார் பிரமநாயகம், நாற்காலியில் சாய்ந்து, முகமெல்லாம் மலர்ந்து. "இப்பமாவது ஒத்துக்கிட்டியே."

"ஆமா, சொன்னீங்க" என்றாள் ஆவுடையம்மாள். நாற்காலிக்கு அடியில் கிடந்த விளம்பரக் கட்டு முழுவதையும் வாரி எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். நாளையிலிருந்து அவருக்கு முன்னால் எழுந்திருக்க வேண்டும், அதுவும் அவருக்குத் தெரியாமல்.